ஒரு பவுண் குறைவு

அம்பு என்றால் ஒரு கம்பு, அதன் நுனியில் ஒரு கூர், அவ்வளவுதானே என்று நினைக்கிறவர்கள் மிதுனனோடு அரை மணிநேரம் கராஜுக்குள் நின்று பார்க்கவேண்டும். நிசாந்தினி இந்தக் கோடை முழுக்க நின்றாள். ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் அவர்களுடைய வீட்டுக் கராஜுக்குள் கார் நுழைந்து வருடக்கணக்காகிவிட்டது. கார் பாவம், வெயிலுக்கும் பனிக்கும் வெளியே நின்றது. உள்ளே ஒரு வில்லும், ஒரு கட்டு அம்பும், ஒரு சின்னத் தராசும் சொகுசாக இருந்தன.

மிதுனன் லிஃப்ட் திருத்துகிறவன். கிழமை நாட்களில் சென் ஜேம்ஸ் ரவுண் பக்கத்து மாடிக் கட்டடங்களில் நடுவழியில் நின்றுபோன லிஃப்டுகளோடு மல்லுக்கட்டுவான். சனி ஞாயிறு வந்தால் அம்பு. அவனுடையது சில்லும் கம்பியும் குறிபார்க்கும் கண்ணாடியும் பூட்டிய புதுமாதிரி வில் அல்ல. வெறும் மரவில். இழுத்துப் பிடித்தால் முழுப் பாரமும் மூன்று விரலில் நிற்கும். இந்த மாதிரி வில்லுக்கு அம்பின் எடைதான் எல்லாம் என்பான். பாரமில்லாத அம்பு வேகமாகப் போகும், எலும்பில் முட்டினால் நின்றுவிடும். பாரமான அம்பு மெதுவாகப் போகும், சத்தமில்லாமல் போகும், போன இடத்தில் நிற்காது.

எடையை அவன் கிரெயினில் சொல்லுவான். கிரெயின் நிசாந்தினியின் மண்டைக்குள் ஏறவில்லை. பதினைந்தரைக் கிரெயின் ஒரு கிராம் என்று தெரிந்தபிறகு அவள் தன் கணக்குக்கு மாறிக்கொண்டாள். எட்டுக் கிராம் ஒரு பவுண். சாமத்தியவீடு, கலியாணவீடு என்று தங்கத்தைக் கையில் ஏந்தி ஏந்திப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதற்குமேல் யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. போன வருடத்து அம்பு நாலு பவுண்கூட வராது. இந்த வருடத்து அம்பு ஐந்தேகால் பவுண். அதைக் கேட்டு மிதுனன் சிரித்தான். பிறகு அவனும் சிலவேளை பவுணிலேயே கதைத்தான்.

பாரத்தை ஏற்றும் விதத்தையும் அவள் பார்த்தே பழகியிருந்தாள். அம்பின் தண்டு உள்ளே குழலாக இருக்கும். பின்முனையில் நாணைக் கவ்வும் பிளாஸ்டிக் கொண்டையைக் கழற்றி, நீளமான அலன் சாவியை உள்ளே விட்டு, கூருக்குப் பின்னால் சின்னப் பித்தளைத் துண்டுகளைத் திருகி ஏற்றவேண்டும். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முன்னுக்குப் பாரம் கூடினால் தண்டு கூட வளையும், அம்பு வலப்பக்கம் இழுக்கும். குறைந்தால் தண்டு விறைக்கும், இடப்பக்கம் ஓடும். வளைவும் பாரமும் ஒத்துவரும்வரை அவன் தண்டை நகம் வெட்டுகிற மாதிரி வெட்டி வெட்டி எய்து பார்த்தான். பித்தளையை ஏற்றினான், இறக்கினான், திரும்ப ஏற்றினான். இப்படி ஆறு அம்பு. ஆறும் ஒரே எடை, ஆறும் ஒரே இடத்தில் போய்க் குத்தும். பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவிச்சிகூட இவ்வளவு பக்குவமாக இருக்கமாட்டாள் என்று நிசாந்தினி நினைத்தாள். நினைத்தவுடன் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. அந்தச் சொல் அவர்களுடைய வீட்டில் சும்மா நினைக்கிற சொல் அல்ல.

போன ஒக்ரோபரில் அவள் கர்ப்பமாக இருந்தாள். தெரிந்த அன்றைக்கே மிதுனன் தன் தாய் புனிதவதியிடம் சொல்லிவிட்டான். மாமி அவர்களோடுதான் இருக்கிறா. மாமிக்குச் சொன்னால் ஸ்காபரோவுக்கே சொன்ன மாதிரி. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடமுடியுமா? மாமி ஊருக்குச் சொன்ன கையோடு மகனுக்கும் ஒன்று சொன்னா. பெண்சாதி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது புருசன்காரன் உயிர்க்கொலை செய்யக்கூடாது, வேட்டைக்குப் போகாதே என்று. மிதுனன் கேட்கவில்லை. வருடத்தில் ஒருமுறை வருகிற பருவம், இதெல்லாம் பழைய கதை என்று போனான். போய், ஒரு பெண்மானின் தோளில் அம்பு விட்டான். பாரமில்லாத அம்பு எலும்பில் முட்டி நின்றது. மான் அம்போடு ஓடியது. இரண்டு நாள் தேடினான், கிடைக்கவில்லை. அதற்கடுத்த கிழமை நிசாந்தினிக்குக் கலைந்துபோனது.

பிள்ளை போனதைவிட, போனதை ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டி வந்ததுதான் அவளைக் கொன்றது. தமிழ்க்கடையில் மரக்கறி எடுக்கும்போது, கோயிலில் திருநீறு வாங்கும்போது, யாரோ ஒரு அன்ரி அவளுடைய வயிற்றைப் பார்த்து எத்தனை மாதம் என்று கேட்பா. இவள் இல்லை என்று சொல்லவேண்டும். அதைவிட ஒன்று. மாமி யாரோடோ போனில் கதைத்ததை அவள் படியில் நின்று கேட்டுவிட்டாள். "வாயில்லாச் சீவன்ர வயித்தெரிச்சல் சும்மா விடுமோ?" மாமி அதைக் குரூரமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டுதான் சொன்னா. ஆனால் அந்த வசனம் நிசாந்தினிக்குள் போய் நின்றுகொண்டது, போகவேயில்லை.

இப்போது திரும்பவும் நாள் தள்ளிப்போயிருந்தது. டொக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டா. இந்தமுறை மூன்று மாதம் முடியுமட்டும் ஒரு குருவிக்கும் சொல்வதில்லை என்று நிசாந்தினி சத்தியம் எடுத்துக்கொண்டாள். மிதுனனுக்கும்தான். அவனுக்குச் சொன்னால் அவன் வேட்டைக்குப் போகமாட்டான், அது நிச்சயம். போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று மாமி கேட்பா. மாமி கேட்டு அவன் பொய் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. சொல்லாமலும் இருக்கவேண்டும், மானும் சாகக்கூடாது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து முடிப்பது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தவளுக்கு, வழியைக் காட்டியது சரஸ்வதி பூசை.

பூசைக்கு வீட்டில் உள்ள தொழிற்கருவி எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வைக்கவேண்டும் என்பது மாமியின் சட்டம். மிதுனனின் ஸ்பானர்கள், நிசாந்தினியின் லப்ரொப், மாமியின் அரிவாள். அதோடு இந்த வருடம் அம்புக்கூடும். துடைத்துப் பொட்டு வைக்கும் வேலை நிசாந்தினியுடையது. மிதுனன் வேலைக்குப் போயிருந்தான். மாமி கீழே கடலை அவித்துக்கொண்டிருந்தா. நிசாந்தினி அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு அம்பாக எடுத்து, கொண்டையைக் கழற்றி, அலன் சாவியை விட்டு, பித்தளையை இறக்கினாள். ஒவ்வொன்றிலும் சரியாக ஒரு பவுண். பிறகு கூரைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பக்தியோடு கலைமகளுக்கு முன்னால் அடுக்கினாள். பித்தளை முழுவதையும் ரிசுக் கடதாசியில் சுற்றித் தன் கைப்பைக்குள் போட்டாள்.

எடை மாறினால் அம்பு தன்பாட்டுக்கு எங்கேயோ போகும் என்று மிதுனன் கோடை முழுக்கச் சொல்லியிருந்தான். அது போகட்டும், மரத்தில் குத்தட்டும். அவன் புறுபுறுத்துக்கொண்டு வெறுங்கையோடு வரட்டும். மான் உயிரோடு இருக்கும், பாவமும் இல்லை, கேள்வியும் இல்லை. கற்பூரம் காட்டும்போது அம்பாளிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். கள்ளத்தனத்திலும் ஒரு ஒழுங்கு இருந்தது.

அடுத்த நாள் விஜயதசமி. பூசையில் வைத்ததை அன்று எடுத்துத் தொழில் தொடங்கவேண்டும். மிதுனன் லீவு எடுத்திருந்தான். மாமி தீபம் காட்டி அம்புக்கூட்டை மகனின் கையில் கொடுத்தா. மிதுனன் ஒரு அம்பை உருவினான். ஆட்காட்டி விரலின்மேல் குறுக்காகக் கிடத்தினான். அம்பு ஒரு பக்கம் சரிந்தது, அவன் விரலை நகர்த்தினான், நின்றது. அவன் இன்னொன்றை எடுத்து அதையும் விரலில் வைத்தான். பிறகு இரண்டையும் கூட்டுக்குள் செருகினான். கராஜில் ஒன்று எய்து பார்க்கட்டுமோ என்று மட்டும் கேட்டான். நல்ல நாளும் அதுவுமாக முதல் அம்பைப் பழகுவதற்கு வைத்த பஞ்சுக்கட்டையில் விடுகிறதோ என்று மாமி பேசினா. அவன் சரி என்றான். அவனுக்குத் தெரியவில்லை என்று நிசாந்தினி சுவாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வேட்டைக்கு அவன் தனியப் போகவேண்டாம், நீயும் போ பிள்ளை என்று மாமிதான் அவளையும் அனுப்பினா. மறுக்கக் காரணம் இல்லாமல் அவள் காரில் ஏறினாள்.

நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் வாகன நெரிசல். மிதுனன் ரேடியோவைப் போடவில்லை. வழமையாகக் காட்டுக்குப் போகும் அன்று அவனுடைய வாய் ஓயாது. இன்று வாய் திறக்கவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். நிசாந்தினியின் மடியில் கைப்பை இருந்தது, அதற்குள் கனமும் இருந்தது. சும்மா இருக்கமுடியாமல் அவள்தான் வாயைக் கொடுத்தாள். எடை கொஞ்சம் பிழைத்தால் அம்பு படாமல் போய்விடும்தானே என்று, பொழுதுபோகாமல் கேட்பவளைப் போலக் கேட்டாள்.

"படும்," என்றான் அவன். "பதினைஞ்சு யார்ட்டில நிக்கிற மானில படாமல் எங்க போறது? ஆனா வைச்ச இடத்தில படாது. ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி, சரிஞ்சு போய்ப் படும். வயித்தில படும், இல்லாட்டி தோளில படும். உள்ளுக்கும் போகாது. அது அம்போட ஓடிப்போய் எங்கையாவது பத்தைக்குள்ள கிடந்து சாகும். ரெண்டு நாள், மூண்டு நாள் எடுக்கும்."

ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அவள் நினைத்தது ஒன்று, செய்து வைத்திருப்பது இன்னொன்று. மானைக் காப்பாற்றப் போய், போன வருடத்து மானை அவளே தன் கையால் திரும்பச் செய்து, பொட்டும் வைத்து, அவனிடம் கொடுத்திருக்கிறாள்.

"வேற ஏதும் கேக்க இருக்கோ?" என்றான் மிதுனன்.

இல்லை என்றாள். அந்த 'இல்லை' வெளியே வந்த கணமே அதைப் பிடித்து விழுங்கவேண்டும்போல இருந்தது.

விட்பியில் கோப்பி வாங்க நிறுத்தினான். அங்கே சொல்லலாம் என்று நினைத்தாள். சொன்னால் ஏன் செய்தாய் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால் எல்லாம் சொல்லவேண்டும். பின்னேரம் மாமிக்குத் தெரியும், நாளைக்குத் தமிழ்க்கடைக்குத் தெரியும். கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் காரை எடுக்காமல் கொஞ்சநேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் ஏன் ஒருமாதிரி இருக்கிறது என்று கேட்டான். நேற்று விரதம், அதுதான் என்றாள். அவன் தலையாட்டிவிட்டுக் காரை எடுத்தான். வடக்கே திரும்பியதும் புதுவீடுகள் முடிந்து சோளக்காடு தொடங்கியது. புரூக்ளின் கிராமம் வரட்டும், சொல்கிறேன். அந்தத் தேவாலயம் தாண்டட்டும், சொல்கிறேன். இப்படியே காணிப் படலை வந்துவிட்டது. பத்து முறை வந்தால் ஒன்பது முறை மான் வருவதில்லைதானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்தினாள். கோழைக்கு எப்போதும் ஒரு கணக்கு கையில் இருக்கும்.

காணி ஜோசப்பின் என்ற வெள்ளைக்காரக் கிழவியுடையது. புருசன் இறந்தபிறகு தனியே இருக்கிறா. மிதுனன் அவவுடைய தானியம் ஏற்றும் லிஃப்டை ஒருமுறை திருத்திக் கொடுத்ததில் வந்த பழக்கம். மிதுனன் வில்லையும் அம்புக்கூட்டையும் எடுத்துத் தோளில் மாட்டினான். போனைக் காரிலேயே விட்டான், காட்டுக்குள் கொண்டுபோவதில்லை. பிறகும் போகாமல் காருக்குப் பக்கத்தில் நின்றான்.

"அப்ப நான் போகட்டோ?"

எந்த நாளும் 'போட்டு வாறன்' என்றுதான் சொல்லுவான். இன்று அப்படிச் சொல்லவில்லை. அது அவளுக்கு உறைத்தது. வாய் திறந்தாள். பின்னால் கிழவி வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டா. நிசாந்தினி அந்தப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டிவிட்டுத் திரும்பியபோது, அவன் வேலியோரமாகக் காட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

குசினிக்குள் கிழவி அப்பிள் சீவிக்கொண்டிருந்தா. நிசாந்தினிக்கும் ஒரு கத்தியைக் கொடுத்தா. கிழவிக்குக் கதைக்க ஆள் கிடைத்த சந்தோஷம். காலநிலை, மகனின் விவாகரத்து, முழங்கால் வலி என்று ஒரு சுற்று வந்து, கடைசியில் மானில் வந்து நின்றா. போன வருடம் உன் புருசன் அடித்த மான் சாகவில்லை தெரியுமா என்றா. நிசாந்தினி கத்தியை வைத்துவிட்டாள். ஓம், பனி முழுக்க இந்தப் பக்கம் திரிந்தது. முன்கால் ஒன்றை ஊன்றுவதில்லை, நொண்டி நொண்டித்தான் நடக்கும். ஆனால் இந்த வசந்தத்தில் இரண்டு குட்டி போட்டிருக்கிறது. உன் புருசனுக்கு நான் சொல்லவில்லை. அவன் இரண்டு நாள் அழுத முகத்தோடு தேடினவன், நொண்டுவதைப் பார்த்தால் இன்னும் வேதனைப்படுவான் என்று நினைத்தேன். இப்படிச் சொல்லிவிட்டுக் கிழவி அடுத்த அப்பிளை எடுத்தா.

நிசாந்தினி சீவிய அப்பிள் தோலை ஒவ்வொன்றாகக் கூட்டிக் குவித்தாள். அது சாகவில்லை. வயிறெரிந்து சாகவில்லை. குட்டி போட்டிருக்கிறது. படியில் நின்று கேட்ட வசனத்தை ஒரு வருடமாகச் சுமந்ததெல்லாம் எதற்காக?

கிழவி கத்தியை யன்னல் பக்கம் நீட்டினா. சொல்லி வைத்தது போல, அதோ வருகிறாள் என்றா.

சோளக்காட்டின் ஓரத்தில் மூன்று மான்கள் நின்றன. இரண்டு சின்னது, ஒன்று பெரியது. பெரியது ஒரு எட்டு வைத்தது, முன்பக்கம் ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. எங்கே போகும் என்று நிசாந்தினி கேட்டாள். எந்த நாளும் போகிற வழிதான், தண்ணிக்கு. காட்டுக்குள் விழுந்து கிடக்கிற மரத்தடியால், உன் புருசன் இருக்கிற இடத்தால் என்றா.

அவள் கைப்பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முதலில் காருக்குப் போய் ஹோர்னில் கையை வைத்தாள். வைத்த கை அழுத்தவில்லை. போன வருடம் நாண் எழுப்பிய சத்தத்தில் மான் துள்ளியதால்தான் அம்பு தோளில் பட்டது என்று அவன் சொல்லியிருந்தான். இப்போது அவன் நாணை இழுத்துப் பிடித்தபடி நின்றால்? ஹோர்னுக்கு மான் துள்ள, அவன் விரல் வழுக்க, பாரமில்லாத அம்பு போய் எங்கே படும்? காரை விட்டுவிட்டு அவள் வேலியோரமாக ஓடினாள். ஓடக்கூடாது, ஓடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஓடினாள். கைப்பைக்குள் பித்தளை குலுங்கிக் குலுங்கி விலாவில் இடித்தது.

காட்டுக்குள் வெளிச்சம் மஞ்சளாகக் கிடந்தது. காய்ந்த இலையில் கால் வைத்த இடமெல்லாம் அப்பளம் நொறுங்கும் சத்தம். அவள் நின்றாள். மரங்களுக்கிடையில் மான் தெரிந்தது, அவ்வளவு கிட்ட. அதன் காதுகள் இரண்டும் திரும்பித் திரும்பி வேலை செய்தன. குட்டிகள் பின்னால் நின்றன. அதற்கு அந்தப் பக்கம், விழுந்த மரத்தின் பின்னால், மிதுனனின் பச்சைத் தொப்பி. மான் முடக்காலை எடுத்து வைத்து, அவனுக்கு விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. தொப்பிக்குக் கீழே அவனுடைய கை மேலே எழும்பியது.

"விடாதேங்கோ," என்றாள். கத்த நினைத்தது, காற்றாகத்தான் வந்தது. மூச்சை இழுத்துத் திரும்பவும் சொன்னாள். "விடாதேங்கோ. அதில பாரம் இல்லை. நான்தான் கழட்டினனான்."

மூன்று வெள்ளை வாலும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. பற்றைகள் முறிந்தன. நொண்டி மான் நொண்டாத மானைப்போலவே பாய்ந்தது. நாண் சத்தம் கேட்கவில்லை. அவள் இன்னும் அதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள், கேட்கவேயில்லை.

கிட்டப் போனபோது மிதுனன் மரத்தில் சாய்ந்து இருந்தான். எழும்பிய கை தொப்பியைக் கழற்றத்தான் எழும்பியிருக்கிறது. தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். வில் பக்கத்தில் நேராக, ஒரு தடிபோலக் கிடந்தது. அதில் நாண் பூட்டியிருக்கவில்லை. ஆறு அம்பும் கூட்டுக்குள்ளேயே பொட்டோடு இருந்தன.

"காலமையே தெரியும்," என்றான். "அம்மா கையில தரேக்கையே தெரியும். உம்மட காப்பில ஒரு பவுண் குறைஞ்சா உமக்குத் தெரியாதோ?"

அவனுக்குக் கோபம், நல்ல கோபம், ஆனால் குரல் உயரவில்லை. காரில் கேட்டேன், விட்பியில் கேட்டேன், படலையில் நின்று கேட்டேன் என்றான். விளையாட்டுக்குச் செய்தாய் என்றால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன் என்றான்.

"அம்பு பிழைச்சா என்ன நடக்கும் எண்டு நான் சொன்ன பிறகும் நீர் வாய் திறக்கேல்லை. ஒரு சீவன் போன வருசம் மாதிரித் துடிச்சாலும் பரவாயில்லை, எனக்குச் சொல்லக்கூடாத ஒண்டு உமக்கு இருக்கோ? வருவீரோ எண்டுதான் இதில இருந்தனான்."

"இருக்கு," என்றாள் அவள். அவனுக்குப் பக்கத்தில் மரத்தில் இருந்தாள். "எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. ரெண்டு மாசம். உங்களுக்குச் சொன்னா மாமிக்குச் சொல்லுவியள். திரும்பவும் கடையில நிண்டு எல்லாருக்கும் பதில் சொல்ல என்னால ஏலாது. அம்பு படாமல் போகும் எண்டுதான் நினைச்சன். சத்தியமா, படாமல் போகும் எண்டுதான்."

சோளக்காட்டுப் பக்கம் காகங்கள் இரைந்தன. அவன் நாணைக் கையில் சுற்றினான், அவிழ்த்தான், சுற்றினான்.

"போன வருசம் அம்மா போகாதை எண்டு சொன்னவ," என்றான். "நான்தான் கேக்கேல்லை. அந்த அம்பில இன்னும் ஒரு பவுண் இருந்திருந்தா மான் நிண்ட இடத்திலேயே விழுந்திருக்கும். அது கிடந்து துடிச்சபடியாத்தான் எங்கட பிள்ளை போனது எண்டு நினைச்சன். இந்தக் கோடை முழுக்க ஒவ்வொரு பித்தளை ஏத்தேக்கையும் அதைத்தான் நினைச்சனான், நிஷா."

நிசாந்தினி அவனைப் பார்த்தாள். கராஜும் தராசும் கிரெயின் கணக்கும் பைத்தியம் என்று நினைத்திருந்தாள். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் ஒரே வசனத்தை ஆளுக்கொரு மூலையில் ஒளித்துவைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவளுக்கு அவன்மேல் இரக்கம் பொங்கியது. தன்மேலும் பொங்கியது.

"அது துடிக்கேல்லை," என்றாள். "சாகவும் இல்லை. இப்ப நொண்டிக்கொண்டு வந்துதே, அதுதான் அது. ஜோசப்பின் சொன்னவ. பின்னால நிண்டது ரெண்டும் அதின்ர குட்டி."

"நொண்டினதைப் பாத்தனான். அதுதானோ எண்டு நினைச்சன். நம்பப் பயமா இருந்தது," என்றான். அதற்குமேல் அவனால் முடியவில்லை. தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். அவள் அவனுடைய முதுகில் கை வைத்துக்கொண்டு இருந்தாள், தானும் அழுதாள். ஒரு வருடம் பிந்தி அழுத அழுகை அது.

பிறகு அவள் கைப்பையைத் திறந்து ரிசுச் சுருளை அவனிடம் கொடுத்தாள். அவன் விரித்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான். ஆறு பவுண் என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒன்றும் விழுத்தாமல்தான் எடுத்திருக்கிறீர் என்றும் சொன்னான். திரும்பவும் சுற்றி அவளுடைய பைக்குள்ளேயே வைத்தான்.

"இந்த வருசம் இது தேவைப்படாது."

ஜோசப்பின் ஒரு பை நிறைய அப்பிள் கொடுத்து அனுப்பினா. ஒன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்டுவிட்டு, இரண்டு பேருடைய கண்ணையும் பார்த்துவிட்டு, மேலே கேட்கவில்லை. பொழுது சாயும் நேரம், கார் விட்பியைத் தாண்டி மேற்கே திரும்பும்போது போன் அடித்தது. மாமிதான். குரல் கார் முழுக்க நிறைந்தது.

என்ன தம்பி, ஏதும் கிடைத்ததா, வெங்காயமெல்லாம் உரித்து வைத்திருக்கிறேன் என்று மாமி கேட்டா. போன வருடம் டொக்டரின் வாசலில், காரை எடுப்பதற்கு முதலே, இதே போனில்தான் அவன் தாய்க்குச் சொன்னான். மிதுனன் ரோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், திரும்ப ரோட்டைப் பார்த்தான்.

"இல்லை அம்மா. ஒண்டும் கிடைக்கேல்லை."

மாமி விடவில்லை. "ஒண்டுமே இல்லையோ? நல்ல நாளும் அதுவுமா வெறுங்கையோட வாறியே?"

"ஓம் அம்மா," என்றான் மிதுனன். "வெறுங்கையோடதான் வாறன்."

அவனுடைய ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. மற்றக் கையை நிசாந்தினி தன் இரண்டு கையாலும் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.